ஆவியில் வெந்த நாற்காலி

பிரம்பு நாற்காலி செய்பவர் வேலை செய்வதை நின்று பார்த்திருக்கிறீர்களா? ஊதுவிளக்கின் தீயைப் பிரம்பின் மேல் முன்னும் பின்னுமாகக் காட்டுவார். கருகுவதற்குள் கட்டையில் கொடுத்து மெல்ல மடக்கி, ஆறும்வரை விடாமல் பிடித்திருப்பார். அவ்வளவுதான், வளைவு நின்றுவிடும். பிரம்பு சரி, மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள மரக்கம்பு?

முறிந்துவிடும். அதனால்தான் வளைவு வேண்டிய இடத்தில் தச்சர்கள் மரத்தை வளைவாக அறுத்துக்கொள்கிறார்கள். மாட்டுவண்டிச் சக்கரம் அப்படித்தான் பிறக்கிறது. வளைவாக அறுத்த வட்டைகளைக் கோத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையைச் சுற்றிலும் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி மூட்டுகளை இறுக்கிவிடும். நாற்காலிக்கு அப்படிப் பட்டை போட முடியாது. மரத்தின் இழைகள் நீளவாக்கில் ஓடுபவை. மெல்லிய சட்டத்தை வளைவாக அறுத்தால் சில இடங்களில் இழை குறுக்கே வெட்டுப்பட்டுக் குட்டையாகிவிடும். உடைவது அங்கேதான். துண்டுகளாகச் சேர்க்கலாம் என்றால் ஒவ்வொரு சேர்ப்புக்கும் ஒரு துண்டில் துளையும், அதில் செருக இன்னொன்றில் கழுந்தும் செதுக்க வேண்டும். மழையிலும் வெயிலிலும் மரம் உப்பிச் சுருங்க, கழுந்து தளர்ந்து நாற்காலி ஆடத் தொடங்கும்.

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் போப்பார்டு என்ற ஊரில் 1796-ல் பிறந்த மிக்கேல் தோனெட் என்ற தச்சர் இதற்கு வேறு வழி தேடினார். முதலில் மெல்லிய மரச்சீவல்களைப் பசையில் வேகவைத்து, அடுக்கி வளைத்துப் பார்த்தார். அந்தக் காலத்துப் பசை விலங்குத் தோலிலும் எலும்பிலும் காய்ச்சியது. ஈரம் பட்டால் விட்டுவிடும். 1842-ல் வியன்னாவுக்குப் போன பிறகு, பசையே இல்லாமல் முழுக் கம்பையும் வளைக்கும் முறைக்கு மெல்ல வந்து சேர்ந்தார்.

மர இழைகளைப் பிடித்துவைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். காய்ந்த மரத்தில் அது கெட்டியாக இருக்கும். ஈரமும் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடும் சேர்ந்தால் இளகும். எனவே இட்லிப்பானைக் கணக்குதான். நீண்ட பெட்டிக்குள் கம்பை வைத்து ஆவி விட வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பட்டறை வழக்கு. வெளியே எடுத்தால் ஆறுவதற்குள் சில நிமிடங்கள்தான் கிடைக்கும்.

ஆனால் வெந்த மரமும் முறியும். கம்பை வளைத்தால் வெளிப்பக்கம் நீள வேண்டும், உள்பக்கம் சுருங்க வேண்டும். வெந்த மரம் 25 சதவீதத்துக்கு மேல்கூடச் சுருங்கிக்கொடுக்கும்; நீள்வதோ ஓரிரு சதவீதம்தான். மூன்று சென்டிமீட்டர் கம்பை, உள்பக்க ஆரம் 15 சென்டிமீட்டர் வருமாறு வளைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதி நீளம் மாறாமல் இருந்தால் வெளிப்பக்கம் 9 சதவீதம் நீண்டாக வேண்டும். படார்!

தோனெட் செய்தது என்னவென்றால், கம்பின் வெளிப்பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டையை வைத்து, கம்பின் இரு நுனிகளையும் பட்டையின் முனைகளில் அசையாமல் முட்டுக்கொடுத்தார். இரும்பு நீளாது, எனவே வெளிப்பக்க மரமும் நீள முடியாது. கம்பு முழுவதும் சுருங்கித்தான் ஆக வேண்டும். அதே கணக்கில் இப்போது உள்பக்கம் சுருங்குவது 17 சதவீதம். தாங்கும். அப்புறம் அதை இரும்பு அச்சில் பூட்டிச் சூடான அறையில் காயவிட்டால், லிக்னின் மறுபடி இறுகிப் புது வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு இரும்புப் பட்டைதானே என்று தோன்றும். எனக்கென்னவோ ஆவியைவிட அந்தப் பட்டைதான் பெரிய கண்டுபிடிப்பு.

இன்றைய செக் நாட்டிலுள்ள மொராவியாவின் கோரிச்சானியில், பீச் மரக்காடுகளுக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை எழுந்தது. பீச்சுக்கு இழை நேராக ஓடும், நன்றாக வளையும். 1859-ல் வந்த 14-ஆம் எண் நாற்காலிக்கு ஆறு மரத்துண்டுகள், பத்து திருகாணிகள், இரண்டு நட்டுகள், அவ்வளவே. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. பெட்டி கப்பலேறியது; போன இடத்தில் பூட்டிக்கொண்டார்கள்.

இந்தக் குடும்பத்து நாற்காலிகளை மும்பையின் பழைய இரானி கஃபேக்களில் பார்க்கலாம். பின்காலில் விரலை வைத்து மேலே போனால், அது முதுகாக வளைந்து, அடுத்த காலாகத் தரைக்கு இறங்கிவிடும். வழியில் ஒரு சேர்ப்புகூடத் தட்டுப்படாது. இருக்கை ஆடினால் தச்சரைத் தேட வேண்டாம், ஒரு திருப்புளி போதும்.