பிள்ளை இருந்தாலும் முதியோர் உதவித்தொகை கேட்கலாம்

தனியாக இருக்கும் பாட்டி மெலிந்து போனால் "வயசாச்சுல்ல" என்று விட்டுவிடுகிறோம். அடுப்படியை எட்டிப் பாருங்கள். காலையில் வடித்த சோறுதான் இரவுக்கும், தண்ணீர் ஊற்றி, ஊறுகாயோடு. முட்டைக்கும் பருப்புக்கும் கையில் காசு வேண்டுமே.

தமிழ்நாட்டில் 60 வயதான ஆதரவற்ற முதியோருக்கு உதவித்தொகை உண்டு. 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. கூடவே அரிசியும் உண்டு: அங்கன்வாடியில் மதியம் சாப்பிடுபவருக்கு மாதம் 2 கிலோ, சாப்பிடாதவருக்கு 4 கிலோ. இதை யாரும் தானாகச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

சிக்கல் மகனில் தொடங்குகிறது. அவர் திருப்பூரில் இருப்பார், தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்கமாட்டார். ஆனால் அம்மாவின் பெயர் அவருடைய ரேஷன் அட்டையில் இருக்கும். வி.ஏ.ஓ. அதைப் பார்த்ததும் "பிள்ளை இருக்காரே" என்பார், மனு அங்கேயே படுத்துவிடும். அதனால் முதலில் தனி அட்டை வாங்குங்கள். பெயரை நீக்கிய கையோடு புது அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தள்ளிப்போட்டால் அத்தனை மாதமும் ரேஷன் கிடையாது. விசாரணைக்கு வருபவர் தனி அடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். மகன் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தாலும் சமையல் தனி என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அன்று வீடு பூட்டிக் கிடந்தால் மறுபடி முதலிலிருந்து.

ஆதாரில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் இன்னொரு வயது என்றால் மனுவுக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.

இ-சேவை மையத்தில் மனு கொடுத்ததும் விண்ணப்ப எண் உள்ள ரசீதை வாங்காமல் நகராதீர்கள். அது கையில் இல்லாவிட்டால் நீங்கள் மனுவே கொடுக்கவில்லை என்பார்கள். "சர்வர் இல்லை", "தாசில்தார் மீட்டிங்கில்", "அடுத்த வாரம் வாங்க" எல்லாம் பதில் ஆகாது. தள்ளுபடி என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதத்தோடு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம், முதல்வர் உதவி எண் 1100-க்கும் போன் செய்யலாம். முடித்துத் தருகிறேன் என்று வாசலில் நிற்கும் ஏஜென்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள், கையெழுத்துப் போடுவது அவர் இல்லை.

அப்புறம் ரேஷன் கடை. களை பறித்தே ரேகை தேய்ந்த விரலை மெஷின் ஏற்காது. அதற்காக வெறும் பையோடு திருப்பி அனுப்பக் கூடாது. கண் கருவிழிப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். நடக்கவே முடியாதவர் என்றால், பதிலாக இன்னொருவர் வாங்க அனுமதிக்கும் படிவம் கடையிலேயே உண்டு. "ஸ்டாக் இல்லை" என்று சொல்லி அதையும் மறுத்தால் 1967-க்கு அங்கேயே நின்று போன் போடுங்கள்.