அயன்டோபோரசிஸ்: தமிழில் என்ன சொல்வது?

கண்ணில் சொட்டு மருந்து விட்டதும் கொஞ்சம் கன்னத்தில் வழிகிறது. மிச்சத்தைக் கண்ணீர் கழுவி மூக்குப் பக்கம் கொண்டுபோய்விடுகிறது. விட்டதில் நூற்றுக்கு 5 பங்குகூட விழிக்குள் சேருவதில்லை. ஊசி போடாமல் கூடுதல் மருந்தை உள்ளே அனுப்ப மெல்லிய மின்னோட்டம் உதவும். அந்த முறைக்குப் பெயர்தான் அயன்டோபோரசிஸ்.

சொல் கிரேக்க வேர் கொண்டது. 'அயான்' என்றால் செல்வது. 1834இல் வில்லியம் ஹ்யூவெல் என்ற அறிஞர் எடுத்துக்கொடுக்க, ஃபாரடே அதை மின்னேற்றம் கொண்ட துகளுக்குப் பெயராக்கினார். 'போரசிஸ்' என்றால் சுமந்து செல்லுதல். இரண்டுமே நமக்குத் தூரத்து உறவு. உத்தராயணத்தில் வருகிற 'அயனம்' என்ற வடசொல்லுக்கும் அயானுக்கும் வேர் ஒன்று. தலையில் பாரம் என்கிறோமே, அந்தப் 'பாரம்' போரசிஸின் பங்காளி. அயனி என்று நாம் எழுதுவது வெறும் ஒலிபெயர்ப்பு என்றுதான் நினைத்திருந்தேன். அயனத்தின் வாடை அதில் இருப்பது தெரிந்ததும் அந்தச் சொல் மேல் எனக்குப் பிரியமே வந்துவிட்டது.

வேலை நடக்கும் விதம் எளிது. ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும். எதிர்மின் மருந்தை எதிர்மின்வாய்க்கு அடியில் வைத்தால் அது திசுவுக்குள் தள்ளப்படும். கருவிழி கூம்பிப்போகும் நோய்க்கான சிகிச்சையில் இதைப் பார்க்கலாம். ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) கரைசல் நிறைத்த சிறு வளையத்தைக் கண்மேல் பதித்து, இன்னொரு மின்வாயை நெற்றியில் ஒட்டி, 1 மில்லிஆம்பியர் அளவில் 5 நிமிடம் மின்னோட்டம் செலுத்துவார்கள். வழக்கமான முறையில் கருவிழியின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு அரைமணி நேரம் மருந்தை ஊறவைக்க வேண்டும். இதில் சுரண்டல் இல்லை.

அப்புறம், தமிழ்ப் பெயர். 'மின்வழி மருந்தேற்றம்' எனலாம். ஆனால் மின்துடிப்பால் செல்லின் சவ்வில் துளையிட்டு மருந்தை நுழைக்கும் முறையும் அதற்குள் அடங்கிவிடும். போதாக்குறைக்கு, கண்ணில் 'மின்' என்றதும் நோயாளிக்கு ஷாக் அடிக்கும் பயம்தான் முதலில் வரும். கிரேக்கர் வழியில் 'அயனிச் சுமப்பு' என்றாலும் பொருந்தாது, இங்கே யாரும் எதையும் சுமக்கவில்லை, தள்ளுகிறார்கள். அதற்கு 'உந்து' என்ற நல்ல சொல் நம்மிடமே இருக்கிறது. அதனால் நான் 'அயனியுந்தல்' என்றே எழுதுகிறேன். கண்ணில் செய்தால் 'விழி அயனியுந்தல்'.