பசையில்லாமல் ஒட்டும் எஃகும் ஒரு டெட்ராய்ட் கிழவரும்

தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவில் படிக்கும் ஒரு மாணவர் எழுதியிருக்கிறார்: “ஸ்லிப் கேஜ் துண்டுகள் இரண்டைத் துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து லேசாகத் திருகினால் ஒட்டிக்கொள்கின்றன. காந்தமா என்று கேட்டேன், இல்லை, காற்றழுத்தம் என்றார் ஆசிரியர். அப்படியா?”

ஆசிரியர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, பெரும்பகுதி இல்லை. அந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன். நீளத்தைச் சரிபார்க்க உதவும் அந்தத் துல்லியமான எஃகுத் துண்டுகளுக்கு ஏன் ஒரு காலத்தில் அமெரிக்க முதலாளிகள் ஏங்கினார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரு இயந்திரத்தைப் ‘பூட்டுவது’ என்றால் அரத்தால் ராவுவது. துளை சற்றுச் சிறிதாக இருக்கும், தண்டு சற்றுப் பெரிதாக இருக்கும். ஃபிட்டர் உட்கார்ந்து ராவி ராவி, அந்தத் தண்டை அந்தத் துளைக்கு மட்டும் பொருந்த வைப்பார். அடுத்த துளைக்கு அது பொருந்தாது. பாகங்களை மாற்றி மாற்றிப் பூட்டலாம் என்று 1801-இல் எலை விட்னி வாஷிங்டனில் துப்பாக்கிகளை வைத்துச் செய்துகாட்டியதாகப் பாடப்புத்தகங்கள் சொல்லும். எஞ்சியிருக்கும் அவருடைய துப்பாக்கிகளைப் பிற்காலத்தில் வரலாற்றாய்வாளர்கள் கழற்றிப் பார்த்தபோது, ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தவில்லை. விட்னி நல்ல விற்பனையாளர் என்பதோடு விட்டுவிடுவோம்.

சொன்னதை உண்மையாகவே செய்துகாட்டியவர்களில் எனக்குப் பிடித்தவர் ஹென்றி லேலண்ட். நம் ஊர் லாரிகளின் முகப்பில் இருக்கும் லேலண்ட் அல்ல. அது இங்கிலாந்தில் ஓர் ஊரின் பெயர். இவர் 1843-இல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச் சாலையில் வேலை, பிறகு கோல்ட் துப்பாக்கித் தொழிற்சாலை, அதன் பிறகு அளவுகருவிகளுக்குப் பேர்போன பிரவுன் அண்ட் ஷார்ப். நாற்பத்தேழு வயதில் டெட்ராய்ட்டுக்கு வந்து சொந்தப் பட்டறை தொடங்கினார். வெள்ளைத் தாடி, கடுமையான மதப்பற்று, ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை விட்டுக்கொடுக்காத பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்தில் அடிவாங்கியவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் ஸ்லோன். பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸையே ஆண்ட ஸ்லோன் அப்போது பேரிங் விற்றுக்கொண்டிருந்த இளைஞர். அவர் அனுப்பிய பேரிங்குகளை லேலண்ட் மேசையில் பரப்பி, மைக்ரோமீட்டரால் ஒவ்வொன்றாக அளந்து, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்று முகத்துக்கு நேரே காட்டினார். துல்லியம் என்றால் என்ன என்று அன்றுதான் உறைத்தது என்று ஸ்லோனே பிறகு எழுதினார்.

1902-இல் ஒரு கார் நிறுவனத்தை மூடிவிட முதலீட்டாளர்கள் முடிவு செய்தார்கள். சொத்துகளை மதிப்பிட லேலண்டை அழைத்தார்கள். மதிப்பிட வந்தவர், ‘மூடாதீர்கள், என்னிடம் நல்ல எஞ்சின் இருக்கிறது’ என்றார். அந்த நிறுவனம் கேடிலாக் ஆயிற்று. அதை விட்டு அண்மையில் வெளியேறியிருந்தவர் ஹென்றி ஃபோர்டு. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1908-இல் லண்டனுக்கு அருகே புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில், பிரிட்டனின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் மேற்பார்வையில், மூன்று கேடிலாக் கார்களை அக்கக்காகக் கழற்றினார்கள். ஒரு காருக்கு 721 பாகங்கள். எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். 89 பாகங்களை எடுத்துவிட்டு, விற்பனையாளரின் கையிருப்பிலிருந்து வேறு பாகங்களைச் சேர்த்தார்கள். பிறகு ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் மட்டும் கொண்டு மூன்று கார்களைப் பூட்டினார்கள். அரத்துக்கு அனுமதி இல்லை. மூன்றும் 500 மைல் ஓடின. அந்த கிளப் வழங்கும் டூவர் கோப்பை அந்த ஆண்டு கேடிலாக்குக்குக் கிடைத்தது.

இது எப்படிச் சாத்தியம்? எல்லாப் பாகங்களும் ஒரே அளவு என்பதால் அல்ல. உலகில் எந்த இரண்டு பொருளும் ஒரே அளவில் இல்லை. ‘எவ்வளவு பிசகலாம்’ என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் தந்திரம். பத்து மில்லிமீட்டர் துளை என்றால் 10.00-க்கும் 10.02-க்கும் இடையே எங்கே இருந்தாலும் சரி. அதைச் சோதிக்க இரு முனைகள் கொண்ட ஓர் எஃகுத் தண்டு போதும்: ஒரு முனை 10.00, மறுமுனை 10.02. முதல் முனை நுழைய வேண்டும், இரண்டாவது நுழையக் கூடாது. கோ, நோ-கோ; அதாவது போகும், போகாது. எண் படிக்கவே தெரியாதவரும் ஒரு நாளில் ஆயிரம் துளைகளைச் சோதித்துவிடலாம்.

சரி, அந்தச் சோதனைத் தண்டு 10.02 தானா என்று யார் சோதிப்பது? இங்கேதான் நம் மாணவரின் ஸ்லிப் கேஜ் வருகிறது. இந்த இடத்தில் அவசரப்பட எனக்கு மனமில்லை.

சுவீடனில் எஸ்கில்ஸ்டூனா துப்பாக்கித் தொழிற்சாலையில் கார்ல் எட்வர்ட் ஜோஹான்சன் என்ற பணியாளர் இருந்தார். ஜெர்மனியில் மௌசர் தொழிற்சாலையில், ஒவ்வொரு அளவுக்கும் ஒரு தனி எஃகுக் கட்டை என்று குவித்து வைத்திருந்ததைப் பார்த்தார். ஊர் திரும்பும் ரயிலில் அவருக்கு வந்த யோசனை: சில கட்டைகளைக் கூட்டிக் கூட்டி எல்லா அளவையும் உண்டாக்கினால் என்ன? நம் மளிகைக்கடைப் படிக்கற்களைப் போலத்தான். அவருடைய பெட்டியில் 102 துண்டுகள். 1.01 மில்லிமீட்டர் முதல் 1.49 வரை நூறில் ஒரு பங்கு இடைவெளியில் 49. அரை மில்லிமீட்டர் முதல் 24.5 வரை அரை அரையாக 49. மீதி நான்கு 25, 50, 75, 100. உங்களுக்கு 37.86 வேண்டுமா? கடைசி இலக்கத்தை முதலில் தீருங்கள்: 1.36 எடுங்கள். மீதி 36.5. அது 11.5, 25. முடிந்தது. இப்படி இருபதாயிரம் அளவுகள். துண்டுகளை மெருகேற்ற மனைவியின் தையல் இயந்திரத்தைப் பிரித்து மாற்றியமைத்துக்கொண்டார். அந்த அம்மையார் என்ன சொன்னாரோ!

ஆனால் மூன்று துண்டுகளை அடுக்கும்போது இடையில் இடைவெளி விழுந்தால் கூட்டல் பொய்யாகிவிடும். அதைத்தான் அந்த ஒட்டுதல் காப்பாற்றுகிறது. இந்தத் துண்டுகளின் முகங்கள் அவ்வளவு தட்டையானவை. திருகி ஒட்டியபின் இடையே நிற்கும் படலத்தின் தடிமன் சில பத்து நானோமீட்டருக்குள்தான். நம் தலைமுடி அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் தடிமன். காற்றழுத்தம் என்ற விடைக்கு இப்போது கணக்குப் போடலாம். வழக்கமான முகம் 35-க்கு 9 மில்லிமீட்டர், அதாவது மூன்று சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ என்றால், காற்று அழுத்திப் பிடிக்கக்கூடியது மூன்று கிலோ சொச்சம். நன்றாக ஒட்டிய துண்டுகளை நேராக இழுத்துப் பிரிக்க முப்பது கிலோ வரை வேண்டியிருக்கும். தவிர, வெற்றிடத்திலும் அவை ஒட்டியே இருக்கின்றன. மீதி வேலையைச் செய்வது, துடைத்தபின்னும் தங்கியிருக்கும் எண்ணெய், ஈரம் ஆகியவற்றின் மெல்லிய படலத்துடைய பரப்பு இழுவிசையும், அவ்வளவு நெருங்கிவிட்ட மூலக்கூறுகளுக்கிடையே உள்ள ஈர்ப்பும். திருகுவது எதற்கு? காற்றை வெளியேற்றிப் படலத்தை மெலியவைக்க. பிரிக்கும்போதும் வழுக்கித்தான் எடுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: நடுவே ஒரு தூசி இருந்தால் துண்டுகள் ஒட்டாது. ஒட்டினால் தூசி இல்லை, அளவு சரி. தன் நேர்மைக்குத் தானே சாட்சி சொல்லும் கருவி வேறு எத்தனை இருக்கின்றன?

ஒரே எதிரி வெப்பம். 100 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சற்று மேல் நீளும். ஐந்து டிகிரி ஏறும்வரை கையில் வைத்திருந்தால் ஆறு மைக்ரான் போயிற்று. அதனால்தான் உலகமே 20 டிகிரி செல்சியஸை அளவுக்குரிய வெப்பநிலையாக வைத்திருக்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை: அன்று அமெரிக்க அங்குலம் 25.4 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை கூடுதல், பிரிட்டிஷ் அங்குலம் ஒரு மயிரிழை குறைவு. ஜோஹான்சன் தன் துண்டுகளுக்குச் சரியாக 25.4 என்று வைத்துவிட்டார். தொழிற்சாலைகள் அவர் பின்னால் போயின; 1959-இல் அரசுகளும் அதையே ஏற்றன. அளவியல் ஆய்வகத்துக்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் கொட்டாவி விடும் அதிகாரிகளுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. ராக்கெட் ஏவும் நாளில் கைதட்டக் கூட்டம் கூடும். அந்த ராக்கெட்டின் போல்ட்டை அளந்த அறைக்குக் குளிரூட்டி வாங்கக் கோப்பு நகராது.

அமெரிக்காவில் ஜோஹான்சன் துண்டுகளை முதலில் வாங்கியவர்களில் லேலண்டும் ஒருவர். ஆனால் புகழ் ஃபோர்டுக்குப் போயிற்று. 1913-இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் அவர் நகரும் பூட்டு வரிசையைத் தொடங்கியதும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த, காரின் சட்டகத்தைப் பூட்டும் வேலை ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கிவந்தது. நகரும் சங்கிலியைத்தான் எல்லோரும் படம்பிடித்தார்கள். பாகம் பொருந்தவில்லை என்று ஒரே ஒருவர் அரத்தைக் கையில் எடுத்தால் அந்த வரிசை முழுவதும் நின்றுவிடும். ஃபோர்டுக்கு அது தெரிந்திருந்தது. லேலண்ட் பிறகு தொடங்கிய லிங்கன் நிறுவனம் நொடித்தபோது, 1922-இல் எண்பது லட்சம் டாலருக்கு அதை வாங்கினார். சில மாதங்களில் கிழவர் வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு ஜோஹான்சனின் அமெரிக்க நிறுவனத்தையும் வாங்கி, அவரையே டியர்போர்னுக்கு அழைத்துக்கொண்டார்.

மாணவருக்கு ஒரு வார்த்தை: வேலை முடிந்ததும் துண்டுகளைப் பிரித்து, துடைத்து, வாசலின் பூசிப் பெட்டியில் வையுங்கள். ஒட்டியபடியே நாள்கணக்கில் விட்டால், பிறகு பிரிப்பது உங்கள் ஆசிரியராலும் ஆகாது.