கூரையில்லாக் காரைத் தாங்கும் பெட்டி

புதுப்பித்த ஒரு போர்ஷ 356 கப்ரியோலே (துணிக்கூரையை மடிக்கக்கூடிய பழைய ஜெர்மன் கார்) விலைக்கு நின்றால், கண் முதலில் பூச்சின் பளபளப்பிலும் துணிக்கூரையின் மடிப்பிலும்தான் போகும். அந்தக் காரின் உயிரோ கதவுக்குக் கீழே இருக்கிறது. முன் சில்லிலிருந்து பின் சில்லு நோக்கி இரு பக்கமும் நீளும் தகட்டுப் பெட்டிதான் அது. இங்கே அதைக் கதவடிப் பெட்டி என்போம்.

1950 முதல் ஸ்டுட்கார்ட்டில் செய்யப்பட்ட 356க்குத் தனிச் செசி (உடலைத் தாங்கும் அடிச்சட்டகம்) கிடையாது. அடித்தட்டும் உடலும் ஒன்றாக ஒட்டிய உருக்குத் தகடுகள். மூடிய காரில் கூரையும் பாரத்தில் பங்கெடுக்கும். கூரையை எடுத்துவிட்டால் அந்தப் பங்கின் பெரும்பகுதி கதவடிப் பெட்டிகள்மேல் விழும்.

மெல்லிய தகட்டுப் பெட்டிக்கு இவ்வளவு பலம் எப்படி வருகிறது? ஒரு பி.வி.சி. குழாயை இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள், அசையாது. அதையே நீளவாக்கில் ஒரு கோடு வெட்டிவிட்டு முறுக்கினால் துணிபோல் திருகும். முறுக்கும் விசை குழாயின் சுவருக்குள் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. வெட்டு அந்தச் சுற்றை அறுத்துவிட, அதன் இரு ஓரங்களும் ஒன்றையொன்று கடந்து நழுவுகின்றன. ஆரத்தைத் தடிப்பால் வகுத்து, வர்க்கித்து, 3ஆல் பெருக்கினால் விறைப்பு எத்தனை மடங்கு குறையும் என்பது வரும். 50 மி.மீ. ஆரமும் 1 மி.மீ. தடிப்பும் உள்ள குழாய்க்கு அது 7500 மடங்கு! பொருள் துளியும் குறையவில்லை, ஒரு கோடு மட்டுமே விழுந்தது.

கறள் போடுவதும் இதே கோட்டைத்தான். கதவடிப் பெட்டியின் கீழ்ப் பொருத்தில் தண்ணீர் தேங்கும். வன்னியின் கிரவல் ரோட்டுச் செம்மண் தூசி மட்காட் உள்ளே அப்பி, வடிதுளைகளை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண் ஊறினால் வெயில் வந்த பிறகும் உள்ளே ஈரம் காயாது. முல்லைத்தீவுக் கரையிலோ ஆனையிறவுப் பக்கத்திலோ நின்ற காரானால் உப்பும் சேரும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் கறள் இன்னும் வேகமாகப் பரவும்.

ஆகவே வாங்குமுன் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவடியில் ஓட்டிப் பாருங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) தடிப்பாக இருக்கலாம். இதில் ஒரு கவனம் தேவை: தொழிற்சாலையிலேயே சில பொருத்துகளை ஈயத்தால் நிரப்பினார்கள், ஈயத்திலும் காந்தம் ஒட்டாது. அதனால் காந்தத்தை மட்டும் வைத்துக் காரைக் கழித்துவிடாதீர்கள். கால்விரிப்பைத் தூக்கி, டோர்ச் அடித்து, அடிப்பொருத்தை ஸ்குரூ ட்ரைவர் முனையால் அழுத்துங்கள். நல்ல தகடு 'டக்' என்னும், உக்கியது உள்வாங்கும்.

எங்கள் கணிப்பில் மிக நம்பகமான சோதனை கதவிடைவெளிதான். கார் சமதரையில் நிற்க, மூடிய கதவின் பின் ஓரத்தில் மேலும் கீழும் அளந்து குறியுங்கள். நடு தாழ்ந்த காரில் மேலே ஒடுங்கி, கீழே அகன்றிருக்கும். பிறகு ஜக்கின்மேல் பலகைத் துண்டு வைத்து, ஒரு முன் மூலையைத் தூக்கி மீண்டும் அளந்து பாருங்கள். இடைவெளி தெளிவாக மாறினால் பெட்டி தன் வேலையைச் செய்யவில்லை. குளக்கட்டு ஓரத்துக் குழி ரோட்டில் ஒரு சில்லு இறங்கும்போதும் இதே முறுக்குத்தான் விழும். கதவு கடகடக்கும், முன் கண்ணாடிச் சட்டம் ஆடும்.

பழுது பார்ப்பதானால் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டவே கூடாது, கார் நடுவே மடங்கிவிடும். கதவு வாசலின் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் குறுக்கே இரும்புச் சட்டம் பூட்டி, ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம் தொடுங்கள். புதுத் தகட்டை ஓரிடத்திலேயே நீளமாக வெல்டிங் செய்து ஒட்டினால் சூட்டில் நெளியும். இடம் மாற்றி மாற்றிச் சிறு புள்ளிகளாக ஒட்டி, இடையிடையே கதவை மாட்டி இடைவெளி பாருங்கள். பூச்சு முடிந்ததும் வடிதுளைகள் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுத் திறந்து, பெட்டிக்குள் கறள் தடுப்பு மெழுகு விசிறுங்கள். மாரி தொடங்குமுன் ஒவ்வொரு ஆண்டும் அந்தத் துளைகளைத் திரும்பப் பார்க்க வேண்டும்.