வெலிங்டனுக்கு வெளிநாட்டு ராணுவ அதிகாரிகள் வருவது எப்படி?

குன்னூர் பக்கம் போனவர்கள் வெலிங்டன் கடைத்தெருவில் வெளிநாட்டு ராணுவ அதிகாரிகளைக் குடும்பத்தோடு பார்த்திருக்கலாம். அங்குள்ள முப்படை அதிகாரிகள் கல்லூரியில் ஏறக்குறைய ஓராண்டுப் படிப்புக்கு வந்தவர்கள். படித்து முடித்தால் சென்னைப் பல்கலைக்கழக எம்.எஸ்சி. பட்டமும் கிடைக்கும்.

வெளிநாட்டு ராணுவத்தினருக்கு இந்தியா தரும் பயிற்சி இடங்களில் பல, வெளியுறவு அமைச்சகத்தின் ஐடெக் (இந்தியத் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்பு) திட்டத்தில் வருபவை. 1964-ல் தொடங்கிய திட்டம் இது. அந்த அதிகாரி தானாக விண்ணப்பிக்க முடியாது. அவருடைய அரசு பெயரைப் பரிந்துரைத்து, அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாக அனுப்ப வேண்டும். ஐடெக்கில் இடம் கிடைத்தால் கட்டணம், தங்குமிடம், படித்தொகை எல்லாம் இந்தியாவின் செலவு. சொந்தச் செலவில் ஆள் அனுப்பும் நாடுகளும் உண்டு.

சரி, நம் வரிப்பணத்தில் இன்னொரு நாட்டு ராணுவத்தாரை ஏன் படிக்க வைக்க வேண்டும்? இன்று மேஜராக வருபவர் பதினைந்து, இருபது ஆண்டில் தளபதியாகலாம், நாட்டையே ஆளலாம். நைஜீரியாவின் ஒபசாஞ்சோ, முகமது புகாரி இருவரும் வெலிங்டனில் படித்தவர்கள். இருவருமே பின்னால் அதிபரானார்கள். கூடப் படித்த இந்திய அதிகாரியும் அதற்குள் உயர்ந்திருப்பார். ஒரு நெருக்கடியில் போனை எடுத்துப் பேச அந்தப் பழக்கம் உதவும். அரசு எதிர்பார்க்கும் பலன் இதுதான்.

ஆனால் நட்பு வேறு, கட்டுப்பாடு வேறு. ஃபிஜி ராணுவ அதிகாரி ரபுகா 1979-ல் வெலிங்டனில் படித்தார். 1987 மே மாதம், இந்திய வம்சாவளியினரின் ஆதரவோடு வென்ற அரசை ராணுவத்தைக் கொண்டு கவிழ்த்தவர் அவரேதான். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் தமிழர்களின் பேரப்பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். எத்தனையோ குடும்பங்கள் நாட்டை விட்டே கிளம்பின. ரபுகா வெலிங்டனில் படித்த நாட்கள் அந்தக் குடும்பங்களுக்கு எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை.

தமிழ்நாட்டுக்கு இன்னும் நெருக்கமான வலி இலங்கை. 2012-ல் இலங்கை விமானப்படையினருக்குத் தாம்பரத்தில் பயிற்சி என்றதும் ஜெயலலிதா கடுமையாக எதிர்த்தார். மத்திய அரசு அவர்களைப் பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றியது. இடம்தான் மாறியது, பயிற்சி நிற்கவில்லை.

அமெரிக்காவில் லீஹி சட்டம் என்று ஒன்று இருக்கிறது. கடும் மனித உரிமை மீறல் செய்ததாக நம்பத்தகுந்த தகவல் உள்ள படைப்பிரிவுக்கு அரசு உதவி கூடாது என்கிறது அது. பயிற்சியும் அதில் அடக்கம். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. யாருக்குப் பயிற்சி தருகிறோம் என்பதை முன்கூட்டியே சரிபார்க்கும் விதி ஒன்று நமக்கும் எழுத்தில் வேண்டும்.