ரத்த ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது, மணிக்கட்டைத்தான் தூக்க முடியவில்லை

நீண்ட விடுமுறை முடிந்த திங்கட்கிழமைகளில் புதுச்சேரியின் பிசியோதெரபி அறைகளுக்கு ஒரு குறிப்பிட்ட வகைக் கை வருகிறது. முழங்கை மடங்கும், நீளும். ஆனால் உள்ளங்கை தரையைப் பார்க்கக் கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு தொங்கிவிடும். "தூக்கத்துல கை மாட்டிக்கிச்சு சார்" என்பார்கள். மேற்கையின் வெளிப்பக்கத்தில் பட்டை பட்டையாகத் தடம் இருக்கும். தூக்கம் அப்படித் தடம் போடாது, கயிறுதான் போடும். இந்த வாரமும் ஒரு கை வந்துவிட்டது. இனி எழுதாமல் இருப்பது சரியல்ல.

வயது வந்த இருவர் மனமொத்து, பேசிவைத்து, ஒருவரை ஒருவர் கயிற்றால் கட்டுவது அவர்கள் விஷயம். அதைப் பற்றி எனக்குக் கருத்து கிடையாது. என் கவலையெல்லாம் மேற்கை எலும்பைச் சுற்றிக்கொண்டு இறங்கும் ரேடியல் நரம்பைப் பற்றித்தான்.

"விரல் நீலமாகலை, சில்லுன்னு ஆகலை, கயிற்றுக்கு அடியில ரெண்டு விரல் நுழைஞ்சுது. அப்புறம் எப்படி?" வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இரண்டு விரல் இடைவெளி என்பது ரத்தக் குழாய்க்கு உரிய கணக்கு. நரம்புக்கு அது பாதுகாப்பே இல்லை. ரத்த ஓட்டம் தடைபட்டால் கை நிறம் மாறும், வீங்கும், வலித்து ஊரைக் கூட்டும். அவிழ்த்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். நரம்பு இத்தனை சத்தம் போடாது. மேற்கையின் நடுப்பகுதியிலிருந்து கீழ்நோக்கி அது எலும்பின் மேலேயே கிடக்கிறது. அங்கே ஒரு சுற்று விழுந்தால் அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் மாட்டிய விரல்தான். கயிறு தளர்வாகவே இருக்கலாம். கட்டுண்டவர் கொஞ்சம் சாய்ந்தாலோ இழுத்தாலோ அந்த ஒரு புள்ளியில் எடை மொத்தமும் இறங்கிவிடும். விரல்கள் செக்கச்செவேலென்று இருக்கும், கையில் கதகதப்பும் இருக்கும், நாடியும் துடிக்கும், நரம்பு மட்டும் நசுங்கிக்கொண்டிருக்கும். சிலருக்கு வலியே தெரியாது. ஆகவே நிறத்தைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அசைவைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? கட்டுவதற்கு முன்பே ஒருமுறை செய்து பாருங்கள், அவருடைய இயல்பு நிலை தெரிய வேண்டும். போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவதுபோல் மணிக்கட்டைப் பின்னால் வளைக்கச் சொல்லுங்கள்: அது ரேடியல். ஐந்து விரல்களையும் விரிக்கச் சொல்லுங்கள்: அது முழங்கையின் உட்பக்கம் ஓடும் அல்நார் நரம்பு. கட்டைவிரல் நுனியையும் ஆட்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள்: அது முன்கையின் நடுவில் ஓடும் மீடியன் நரம்பு. கூடவே மூன்று இடங்களைத் தொட்டுக் கேளுங்கள்: புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட பகுதி, சுண்டுவிரல் நுனி, ஆட்காட்டி விரல் நுனி. கட்டியபின் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்யுங்கள். புதியவர்கள் மொத்தம் 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். குறுகுறுப்பு, மரத்துப்போதல், பலம் குறைதல், இவற்றில் எது வந்தாலும் அந்த நொடியே அவிழ்க்க வேண்டும். "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்ற பேச்சே கூடாது.

காலில் ஆபத்தான இடம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் துருத்தும் எலும்பின் கழுத்து. அங்கே அழுத்தினால் பாதம் தொங்கிவிடும். அக்குளுக்குள் கயிறு ஏறவே கூடாது.

இணையத்தில் பார்க்கும் ஷிபாரி என்ற ஜப்பானியக் கயிற்றுக் கட்டுக் கலையின் படங்களில் மேற்கையோடு மார்பைச் சுற்றிக் கட்டுவார்கள் இல்லையா, எனக்கு வரும் கைகளில் பெரும்பாலானவை அதன் நகல்கள். வருடக்கணக்கில் பழகியவர்களுக்கே அந்தக் கட்டில் நரம்பு அடிபடுகிறது. படத்தைப் பார்த்து முதல் நாளே அதில் இறங்குகிறவர்களை என்ன சொல்ல.

கயிறு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமனில் சணல் அல்லது பருத்தி. இரட்டையாக மடித்து, இரண்டு சுற்று, பட்டையாகப் படியும்படி. ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. கடலூர் முதுநகர் பக்கம் வலைக்கும் படகுக்கும் வாங்கும் நைலான் வேண்டாம்: இழுத்தால் நீளும், முடிச்சு இறுகும், உரசினால் தோலைச் சுடும். துப்பட்டாவும் புடவையும் மென்மை என்று நினைக்கிறார்கள். இழுபட்டதும் அவை திரிந்து மெல்லிய கயிறாகிவிடும், முடிச்சை நகத்தால்கூடப் பிரிக்க முடியாது. சுருக்கு முடிச்சு எங்கேயும் ஆகாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை பட்ட சணல் ஊறி முடிச்சு மேலும் இறுகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் மொட்டை முனைக் கத்தரிக்கோல் ஒன்று, சர்ஜிக்கல் கடையில் கிடைப்பது, கட்டாயம் இருக்க வேண்டும். பக்கத்திலேயே டார்ச். கரண்டு போவதற்கு நேரம் காலம் கிடையாது.

மின்விசிறிக் கொக்கி விசிறிக்கு. தொட்டில் கொக்கி குழந்தைக்கு. ஆளைத் தொங்கவிடாதீர்கள்.

கழுத்தில் கயிறு கூடாது. தளர்வாகவும் கூடாது, அலங்காரத்துக்கும் கூடாது. கழுத்தின் இருபுறத் தமனிகளும் அழுந்தினால் பத்து வினாடிக்குள் நினைவு போகலாம், "நிறுத்து" என்று சொல்ல அவகாசமே இருக்காது. குப்புறப் படுக்கவைத்துக் கைகால்களைப் பின்னால் சேர்த்துக் கட்டினாலும் மூச்சு முட்டும். கட்டிவைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போகாதீர்கள், வாசலில் யார் மணி அடித்தாலும்.

குடித்திருந்தால் அன்றைக்குக் கயிறு வேண்டாம். புதுச்சேரிக்கு எதற்காக வருகிறார்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். போதையில் மரத்துப்போவது தெரியாது, சம்மதமும் சம்மதமாகாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், ஏற்கெனவே கழுத்து எலும்புத் தேய்மானத்தால் கை மரப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில் தங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

சம்மதம் என்பது கட்டுவதற்கு முன் தெளிந்த மனதோடு பேசி முடிப்பது. எங்கே கட்டலாம், எங்கே தொடக் கூடாது, எவ்வளவு நேரம், கைப்பேசியை எங்கே வைப்பது, எல்லாவற்றையும். பச்சை என்றால் தொடரலாம், மஞ்சள் என்றால் தளர்த்து, சிவப்பு என்றால் உடனே அவிழ்: விளையாட்டாகவும் சொல்லக்கூடிய "வேண்டாம்" என்ற சொல்லைவிட இது குழப்பமில்லாதது. பேச முடியாத நிலை என்றால் கையில் சாவிக்கொத்தைக் கொடுங்கள். கீழே விழுந்தால் அவிழ்க்க வேண்டும். மரத்துப்போன கையிலிருந்து அது தானாகவே விழவும்கூடும் என்பது கூடுதல் லாபம். கணவன் மனைவி என்றாலும் ஒவ்வொரு தடவையும் கேட்கத்தான் வேண்டும். அடிபட்டு வருகிறவரிடம் கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக ஒரு கேள்வி கேட்பேன், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். பதில் "எனக்கு விருப்பமில்லை" என்றால் அது பெயர் மாற்றிய வன்முறை. பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

சரி, மணிக்கட்டு தொங்கிவிட்டது. தயவுசெய்து எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். உணர்ச்சியில்லாத தோலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொப்புளத்தோடு வராதீர்கள். மணிக்கட்டு நேராக நிற்க ஓர் அட்டையையோ ஸ்கேலையோ வைத்துத் தளர்வாகக் கட்டி, மறுநாளே மருத்துவரைப் பாருங்கள். கை வெளுத்துச் சில்லிட்டிருந்தால், நினைவு தப்பியிருந்தால், கழுத்து அழுந்தி குரல் மாறியிருந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே 108.

பெரும்பாலும் இது நரம்பின் உறை மட்டும் அடிபட்ட வகை. 1943இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் செடன் நரம்புக் காயங்களுக்கு வகுத்த மூன்று படிகளில் லேசானது. சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்தில் திரும்பும். உள்ளே இழையே அறுந்திருந்தால் நாளுக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மேற்கையிலிருந்து விரலைத் தூக்கும் தசைவரை 15, 20 சென்டிமீட்டர். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நரம்புப் பரிசோதனையை இரண்டாம் நாளே எடுத்து வந்து நீட்டுகிறார்கள். மூன்று வாரம் கழித்து எடுத்தால்தான் அதில் முழு விவரம் தெரியும்.

உண்மையைச் சொல்லுங்கள். "கட்டிலிலிருந்து விழுந்தேன்" என்றால் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள், ஆயிரக்கணக்கில் பணம் வீணாகும், நாளும் போகும். கயிறு எங்கே சுற்றியது, எத்தனை நிமிடம், மரத்துப்போனது எப்போது, இந்த மூன்றும் போதும். தடம் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மறைந்துவிடும். அதற்குள் அதன் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு வாருங்கள்.