கூண்டில் சிக்கிய எலியும் அணிலும்: பிரிட்டனில் ஏர் பிஸ்டல் வாங்குமுன் தெரிய வேண்டிய சட்டம்

கொட்டகைக்கு அடியில் எலி, பரணில் சாம்பல் அணில், குளக்கரையில் கீரி போன்ற மிங்க். பிரிட்டனில் இவற்றைக் கூண்டு வைத்துப் பிடிக்கத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் கூண்டின் கதவு விழுந்த நொடியிலிருந்து சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. மனிதனின் கட்டுப்பாட்டில் இருக்கும் முதுகெலும்புள்ள எந்தப் பிராணியும், அது தற்காலிகமாக இருந்தாலும் சரி, பாதுகாக்கப்பட்ட பிராணி என்கிறது 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம். வெளியே ஓடித் திரியும் எலிக்கு இல்லாத பாதுகாப்பு கூண்டுக்குள் இருக்கும் எலிக்கு உண்டு. அதைத் தேவையின்றித் துன்பப்படுத்தினால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். 2021 வரை இந்த உச்சத் தண்டனை வெறும் 6 மாதமாக இருந்தது.

அதனால்தான் கூண்டை வாங்குவதற்கு முன்பே, சிக்கியதை எப்படிக் கொல்லப் போகிறோம் என்று முடிவு செய்துவிட வேண்டும் என்கிறேன். பிடித்த பிறகு யோசிக்கலாம் என்று விட்டால், யோசித்து முடிக்கும்வரை அந்தப் பிராணி கம்பியில் மூக்கை உரசி ரத்தம் வரவைத்துக்கொண்டிருக்கும்.

ஊரில் எலிக்கூண்டைத் தூக்கி அப்படியே வாளித் தண்ணீரில் அமுக்குவது சாதாரணம். நம்மில் பலர் சின்ன வயதில் பார்த்ததுதான். இங்கே அது குற்றம். 2010இல் பர்ட்டன் நகரில் ஒருவர், பிடிபட்ட சாம்பல் அணிலைத் தோட்டத்து மழைநீர்ப் பீப்பாயில் மூழ்கடித்ததற்காக நீதிமன்றத்தில் நின்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறைக்குப் போகவில்லை என்றாலும், வழக்குச் செலவாக 1,500 பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது.

சரி, கொல்ல மனமில்லை, தூரத்துப் பூங்காவில் விட்டுவிடலாமா? சாம்பல் அணிலை விட முடியாது. வட அமெரிக்காவிலிருந்து 1876இல் செஷயருக்குக் கொண்டுவரப்பட்ட இனம் அது. உள்நாட்டுச் செவ்வணிலை அது பெரும்பாலான இடங்களிலிருந்து விரட்டிவிட்டது. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டப்படி, ஒருமுறை பிடித்த சாம்பல் அணிலைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டாலும் குற்றம்தான். மிங்கும் அப்படியே. 1929இல் தோலுக்காகப் பண்ணைகளுக்கு வந்தது, தப்பிப் பெருகி, 1956இல் டெவனில் டீன் (Teign) ஆற்றங்கரையில் குட்டி போட்டதாகப் பதிவானது. அதன்பின் நீர்வோல் என்ற சிறு பிராணி ஆற்றுக்கு ஆறு காணாமல் போனதற்கு மிங்க் ஒரு முக்கியக் காரணம். ஆக, இந்த இரண்டும் கூண்டில் விழுந்தால் ஒரே வழிதான்: உடனே, வலியில்லாமல் கொல்வது. அதைச் சட்டம் தடுக்கவில்லை. பொருத்தமான, துன்பமற்ற முறையில் பிராணியைக் கொல்வது குற்றமாகாது என்று அதே 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது.

அணிலுக்கும் எலிக்கும் வழக்கத்தில் இருக்கும் முறைகள் இரண்டு. பிராணியைச் சாக்குக்குள் ஓடவிட்டு, அசையாமல் பிடித்து, தலையில் ஒரே அடி. இல்லாவிட்டால் கூண்டுக்குள் இருக்கும்போதே தலையில் ஒரு ரவை. முதல் முறைக்குத் தயங்காத கையும் பழக்கமும் வேண்டும். தயங்கி அடிக்கும் பாதி அடி, அடிக்காததைவிட மோசம். அந்தத் தயக்கம் உள்ளவர்களுக்குத்தான், காற்று அல்லது வாயு அழுத்தத்தில் ரவை சுடும் கைத்துப்பாக்கியான ஏர் பிஸ்டல் பொருந்தும்.

உரிமம் வேண்டுமா?

இது நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குழல் முனையில் 6 அடி-பவுண்டு, அதாவது சுமார் 8 ஜூல் வரை ஆற்றலுள்ள ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. ஏர் ரைபிளுக்கு இந்த வரம்பு 12 அடி-பவுண்டு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, பலர் தடுமாறும் இடம் இது. வரம்பு தாண்டிய ரைபிளுக்கு போலீஸிடம் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கலாம். வரம்பு தாண்டிய பிஸ்டலோ தடைசெய்யப்பட்ட ஆயுதம். சாதாரணச் சான்றிதழ் எதுவும் அதற்குச் செல்லாது. ஸ்பிரிங்கை மாற்றி 'பவர் கூட்டித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் ஏர் கன் வைத்திருக்கவே போலீஸ் ஸ்காட்லாந்தின் சான்றிதழ் வேண்டும். பூச்சி, எலித் தொல்லைக் கட்டுப்பாடு ஏற்கப்படும் காரணங்களில் ஒன்று. இங்கிலாந்திலிருந்து அங்கே எடுத்துப் போகிறவர்கள் முன்கூட்டியே வருகையாளர் அனுமதி வாங்க வேண்டும். எல்லை தாண்டும்போது யாரும் சோதிப்பதில்லை என்பதற்காகச் சட்டம் இல்லையென்று ஆகிவிடாது. வட அயர்லாந்தில் 1 ஜூலுக்கு மேல் போனாலே துப்பாக்கிச் சான்றிதழ்தான்.

வாங்குபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், ரவைக்கும் அதே வயது. வியாபாரமாக விற்பவர் பதிவு பெற்ற துப்பாக்கி வியாபாரியாக இருக்க வேண்டும், அவரிடம் வாங்கும்போது கைமாற்றம் நேருக்கு நேர் நடக்க வேண்டும். ஆன்லைனில் பார்த்துப் பணம் கட்டலாம், தபாலில் வீட்டு வாசலுக்கு வராது. 3 மாதத்திலிருந்து 3 ஆண்டுக்குள் சிறைத்தண்டனை பெற்றவர்கள் விடுதலையான நாளிலிருந்து 5 ஆண்டுக்கு ஏர் கன்னைத் தொடவே கூடாது. 3 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் வாழ்நாள் தடை.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். 18 வயதுக்குக் கீழானவர் கையில் அது கிடைக்காதபடி நியாயமான முன்னெச்சரிக்கை எடுக்காமல் விடுவது 2011 பிப்ரவரி முதல் தனிக் குற்றம். அலமாரி உச்சியில் வைத்தேன் என்பது போதாது. பூட்டும் பெட்டி, அதில் பிஸ்டல். ரவை வேறு இடத்தில்.

சொந்தத் தோட்டத்தில் சுடலாம். ரவை உங்கள் வேலியைத் தாண்டினால் குற்றம். நகராட்சியிடம் வாடகைக்கு எடுத்த காய்கறித் தோட்டத் துண்டு என்றால், ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்து எழுத்தில் அனுமதி கேளுங்கள், பல இடங்களில் துப்பாக்கியே கூடாது என்று இருக்கும். பொது இடத்தில் தக்க காரணமின்றி ஏர் பிஸ்டலை வைத்திருப்பது, ரவை போடாவிட்டாலும், குற்றம். எடுத்துப் போகத்தான் வேண்டுமென்றால் ரவை நீக்கி, மூடிய உறைக்குள் வைத்து, நேராகப் போய் நேராக வர வேண்டும்.

எதை வாங்குவது?

கடைக்காரர் முதலில் கேட்பது எவ்வளவு தூரத்தில் சுடப் போகிறீர்கள் என்றுதான். கூண்டு என்றால் தூரம் சில அங்குலம். குறி தவறாமை, தொலைநோக்கிக் கண்ணாடி எதற்கும் இங்கே வேலையில்லை. ரவை மண்டையோட்டுக்குள் போக ஆற்றல் வேண்டும், இரண்டாவது ரவையைச் சீக்கிரம் போட முடிய வேண்டும். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் கடையில் இருக்கும் பாதி சரக்கு கழிந்துவிடும்.

எஃகுக் குண்டு சுடும் மலிவு பிஸ்டல்களை விட்டுவிடுங்கள். எஃகு நசுங்காது, கம்பியில் பட்டுத் தெறித்து உங்கள் கண்ணுக்கே வரலாம். நிஜக் கைத்துப்பாக்கி போலவே செய்யப்பட்டவற்றையும் தவிர்ப்பது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவருக்கு அது நிஜம்தான், ஆயுதப் போலீஸ் வந்து நிற்கும்.

இலக்குப் பயிற்சிக்கென்று செய்த, ஒரே அழுத்தலில் காற்றடைக்கும் பிஸ்டல்கள் துல்லியமானவை. ஆனால் வரம்பில் பாதி ஆற்றல்கூட இல்லாதவை அவற்றில் பல. கார்பன் டை ஆக்சைடு குப்பி போடும் வகை சௌகரியமானது, அடுத்தடுத்துச் சுடலாம். அதன் குறை குளிரில் தெரியும். குப்பி சில்லிட்டால் அழுத்தம் இறங்கும், ரவையின் வேகமும் இறங்கும். எலியும் அணிலும் வீட்டுக்குள் நுழையப் பார்ப்பதோ குளிர்காலத்தில். ஜனவரி விடியலில் அதை நம்ப மாட்டேன்.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று, வைராக் எச்டபிள்யூ 45 போன்ற வலுவான ஸ்பிரிங் பிஸ்டல். மேல்பகுதியைத் தூக்கி முன்னே தள்ளிச் சுருளை இறுக்க வேண்டும், கையில் பலம் வேண்டும், ஆனால் வாயுவும் பம்பும் தேவையில்லை, குளிரும் பெரிதாகப் பாதிக்காது. இன்னொன்று, முன்கூட்டியே காற்றடைத்து வைக்கும் வகை. வரம்பை ஒட்டிய ஆற்றல் தரும், விலை அதிகம், காற்றடைக்கத் தனிப் பம்போ சிலிண்டரோ வேண்டும். வருடத்தில் சில அணில்கள் என்றால் ஸ்பிரிங் பிஸ்டலே போதும். ஆற்றோரத்தில் மிங்குக்காகத் தொடர்ந்து கூண்டு வைப்பவருக்குக் காற்றடைக்கும் வகைதான் சரி.

இந்த வகையில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. கனமான ரவை போட்டால் ஆற்றல் கூடும். லேசான ரவையில் 5.8 காட்டும் பிஸ்டல் கனமானதில் 6ஐத் தாண்டலாம், தாண்டினால் பொறுப்பு உங்கள் தலையில். நீங்கள் பயன்படுத்தப் போகும் ரவையையே போட்டு, வேகமானியில் சோதித்துத் தரச் சொல்லி வாங்குங்கள்.

ரவையின் அளவு பெரும்பாலும் .177 அங்குலம், .22 அங்குலம் என இரண்டு. கூண்டு வேலைக்கு என் தேர்வு .22. உருவத்தில் பெரியது, ஆற்றலை ஊடுருவி வெளியே கொண்டு போகாமல் மண்டைக்குள்ளேயே இறக்கும் வாய்ப்பு அதிகம், குளிரில் விறைத்த விரலுக்கு எடுத்துப் போடவும் எளிது.

சுடும் நேரத்தில்

கூண்டை 24 மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும், காலையும் மாலையும் பார்ப்பது நல்லது. முதலில் இருண்ட துணியால் மூடுங்கள், பிராணி அடங்கும். கல்தளத்தில் வைக்காமல் மண்ணிலோ புல்லிலோ வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். சீப்புப் பற்கள் போல மரக்குச்சிகள் பதித்த சட்டம் ஒன்றைக் கம்பி இடைவெளி வழியாக இறக்கினால் பிராணி ஒரு மூலையில் ஒதுங்கும், திரும்ப இடமிருக்காது. குழல் முனை கம்பியைத் தாண்டி உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரவை கம்பியில் படும். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் காதுக்குக் கோடு போட்டால் இரண்டும் வெட்டும் இடம்தான் குறி. பிராணி தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். அது நிற்கும்வரை விசையைத் தொடாதீர்கள்.

கால்கள் கொஞ்ச நேரம் உதறுவது இயல்பு. மூச்சு இருக்கிறதா, கண்ணை ஒரு குச்சியால் தொட்டால் இமைக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் உடனே இன்னொன்று.

எது சிக்கியிருக்கிறது என்று பார்க்காமல் எதுவும் செய்யக் கூடாது. முள்ளெலி விழுந்தால் உடனே விடுங்கள். செவ்வணில் இன்னும் வாழும் வைட் தீவு, ஆங்கில்சி, நார்தம்பர்லாந்துப் பக்கம் இருப்பவர்களுக்கு நிறம் பார்ப்பது முக்கியம். சாம்பல் அணிலின் உடம்பிலும் செம்பட்டை தெரியும், அவசரத்தில் ஏமாறுவார்கள். சில்டர்ன் குன்றுப் பகுதியில் பரணில் சத்தம் கேட்டால் அது கிளிஸ் எனப்படும் பெரிய டார்மவுஸ் என்ற கொறிக்கும் பிராணியாக இருக்கலாம், 1902இல் டிரிங் ஊரிலிருந்து பரவியது. பார்க்கக் குட்டிச் சாம்பல் அணில் போலவே இருக்கும். அதைப் பிடிக்க உரிமம் வேண்டும். காக்கை, மேக்பை போன்ற பறவைகளுக்கான கூண்டு தனி விஷயம். அது அரசின் பொது உரிமங்களின் கீழ் வரும், கொல்லும்போது கூண்டில் இருக்கும் மற்றப் பறவைகள் பார்க்காதபடி செய்ய வேண்டும். அந்த நிபந்தனைகளை அரசின் தளத்தில் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இதெல்லாம் நம்மால் ஆகாது என்று தோன்றினால் துப்பாக்கியும் கூண்டும் வாங்க வேண்டாம். 1949ஆம் ஆண்டின் சட்டப்படி, தன் எல்லைக்குள் எலித் தொல்லை இல்லாமல் பார்த்துக்கொள்வது உள்ளூராட்சியின் கடமை, எலி பெருகியிருந்தால் அவர்களிடம் சொல்வது இடத்தில் குடியிருப்பவரின் கடமை. சில கவுன்சில்கள் எலிக்கு இலவசமாக வருகின்றன, சில கட்டணம் வாங்குகின்றன, சில தனியாரிடம் அனுப்புகின்றன. தனியாரை அழைத்தால் விலையைக் கேட்கும்போதே, கூண்டை எத்தனை மணிக்கொருமுறை பார்ப்பார்கள், எப்படிக் கொல்வார்கள் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.